கட்டி சிறிதென்று காத்திருக்கலாமா?

ஆறாம் வகுப்பில் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பேரும் ஒரே வரியில்தான் தொடங்குவோம்: நாய் நன்றியுள்ள பிராணி. பிறகு அது வீட்டைக் காக்கும், திருடனைக் கண்டால் குரைக்கும், எலும்பை விரும்பித் தின்னும் என்று பக்கத்தை நிரப்பிப் பத்துக்கு ஏழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த நாய்க்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று நாம் எழுதியதில்லை. எழுதும்படி எவரும் கேட்டதுமில்லை. விடுபட்டுப் போன அந்தப் பகுதியில் ஒரு சிறு துண்டை இந்த ஆண்டு மலருக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாயின் தோலில் ஒரு கட்டி தென்படுகிறது. எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம்? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வரலாறு படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று விலங்கியல் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டி வந்த நாய் விலங்கியல் மாணவன் வீட்டைத் தேடிப் போய்ப் படுப்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு நாயும், நம் விடுதியில் ஒரு நாயுமாக இரண்டு நாய்களை அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையிலும், அதன் பிறகு மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவன் என்ற துணிவிலும் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியைப் பார்த்தும் தடவியும் மட்டும் அது நல்லதா கெட்டதா என்று முடிவுகட்ட நம்மால் இயலாது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்களே அப்படி முடிவுகட்டுவதில்லை. ஒரு மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளிருப்பதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பேசுகிறார்கள். நிலைமை இவ்வாறிருக்க, திண்ணையில் உட்கார்ந்தபடியே "அது ஒன்றுமில்லை, வெறும் கொழுப்பு" என்று தீர்ப்பு வழங்குகிற வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் சரியாகவே அமைந்துவிடுவதும் உண்டு. அபாயமே அதில்தான் இருக்கிறது. ஒன்பது முறை சரியாகச் சொன்னவர் பத்தாவது முறையும் அதே துணிவோடு சொல்லுவார், நாமும் நம்பிவிடுவோம்.

நாயின் தோலில் எழும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. அப்படி எண்ணி அஞ்சுவதும் தவறு. நடுவயது கடந்த நாய்களுக்கு, குறிப்பாக உடல் பருத்தவற்றுக்கு, விலாவிலும் மார்பிலும் தோலுக்கடியில் மெத்தென்று உருண்டு நகரும் கொழுப்புக் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு வரும் கட்டிகள் உண்டு. அழுத்தினால் வெண்ணெய் போல ஏதோ வரும். கடிபட்ட இடத்திலோ முள் தைத்த இடத்திலோ இரண்டொரு நாளில் சூடாகவும் வலியோடும் வீங்குவது சீழ்க்கட்டி. குட்டி நாய்களின் உதட்டிலும் வாய்க்குள்ளும் பூக்கோசு போல மருக்கள் தோன்றும். வைரசால் வருகிற அவை சில மாதங்களில் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட நாயின் முகத்திலோ காதிலோ காலிலோ சிவந்த பொத்தான் போல ஒன்று திடீரென எழுந்து, இரண்டு மூன்று மாதங்களில் வந்த சுவடே இல்லாமல் மறைவதும் உண்டு. காது மடல் இட்லி போல உப்பியிருந்தால் அது பெரும்பாலும் இரத்தக்கட்டு. உள்ளே சீழோ உண்ணியோ தொல்லை கொடுக்க, நாய் தலையை உதறி உதறி இரத்தக்குழாயைக் கிழித்துக்கொண்டதன் விளைவு. கருத்தடை செய்யாத கிழட்டு ஆண்நாய்க்கு வாலடியில் மலவாயைச் சுற்றி வருகிற கட்டிகளில் பல, விதை நீக்கினால் சுருங்கிவிடுகின்றன.

உண்ணியென்று எண்ணிச் சிலர் மருவைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆண்நாயின் வயிற்றிலுள்ள முலைக்காம்பையே உண்ணியென்று திருகியவரும் உண்டு. கூர்ந்து பாருங்கள்: உண்ணிக்குக் கால்கள் இருக்கும்.

இவ்வளவையும் படித்த பிறகு, "அப்படியானால் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தானே, பொறுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் மாஸ்ட் செல் கட்டி என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்களின் தோலில் வரும் புற்றுக்கட்டிகளுள் இது மிகவும் அதிகமாகக் காணப்படுவது. இதற்கென்று ஒரு முகம் கிடையாது. சில நேரம் மருப்போல இருக்கும். சில நேரம் பூச்சிக்கடித் தடிப்புப் போல இருக்கும். சில நேரம் தோலுக்கடியில் மெத்தென்று, கொழுப்புக் கட்டியே என்று சத்தியம் செய்யும்படி இருக்கும். இன்னும் கொடுமை, இது ஒரு நாள் பெருத்து மறுநாள் சிறுக்கும். அதனுள்ளிருக்கும் அணுக்கள் இஸ்டமின் என்ற பொருளைச் சேமித்து வைத்திருப்பவை. தொட்டாலும் நசுக்கினாலும் அதை வெளியேற்ற, சுற்றிலும் சிவந்து வீங்கும், பிறகு வடியும். வடிந்ததைப் பார்த்து வீட்டார், "மஞ்சள் பூசினோம், கட்டி வாங்கிவிட்டது" என்று மகிழ்வார்கள். அதே இஸ்டமின் உடலுக்குள் பரவினால் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, வாந்தியும் கறுத்த மலமுமாக முடியலாம். எனவே பெயர் தெரியாத கட்டியை நசுக்கிப் பார்க்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

"சிறியதுதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உருண்டையான கட்டியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் அதன் கன அளவு எட்டு மடங்காகிறது. ஒரு சென்டிமீட்டராக இருந்தது இரண்டாகிவிட்டால் "கொஞ்சம் வளர்ந்திருக்கிறது" என்று நமக்குத் தோன்றும். உள்ளே எட்டுப் பங்கு சரக்கு ஏறியிருக்கிறது. மாஸ்ட் செல் கட்டியை அறுக்கும்போது கட்டியை மட்டும் தோண்டியெடுத்தால் போதாது. சுற்றிலும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குச் சவ்வையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். ஒரு சென்டிமீட்டர்க் கட்டிக்கு ஐந்து சென்டிமீட்டர் அகலம் வெட்டினால் போதும். நான்காகும் வரை காத்திருந்தால் எட்டு வேண்டும். விலாப்புறத்தில் இழுத்துத் தைக்கத் தோல் இருக்கிறது. முன்னங்காலில் எங்கே போவது? சின்னக் கட்டியோடு போனால் முடிந்திருக்கக்கூடிய வேலை, காலையே எடுப்பதா என்ற பேச்சில் வந்து நிற்பது இவ்வாறுதான்.

"வலியில்லையே, நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது அடுத்த சமாதானம். இந்தச் சமாதானத்துக்கு எங்கள் ஊரில் பலியான ஒரு நாயை நான் அறிவேன். என் பெரியப்பா தோட்டத்தில் இருந்த நாட்டுநாய், பெட்டை. எட்டு வயதிருக்கும். ஐந்து ஜோடி முலைகளில் கடைசி ஜோடியில் ஒன்றில், சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒன்று உருண்டது. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் சொன்னதற்கு, "பால் கட்டியிருக்கும்டா, அதுவாப் போயிரும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் இரக்கமற்றவர் அல்லர். அந்த நாய் சாப்பிடாமல் அவர் சாப்பிட்டதில்லை. ஆனால் அது குட்டி போட்டே மூன்று வருடமாகியிருந்தது. பால் எங்கிருந்து கட்டும்? தை மாதம் சுண்டைக்காய், ஆடியில் எலுமிச்சை, புரட்டாசியில் அது வெடித்துப் புண்ணாகி ஈ மொய்த்தபோதுதான் வண்டியில் ஏற்றினார்கள். எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் நுரையீரலில் நாணயங்கள் போலத் தெரிந்த வட்டங்களைக் காட்டினார். அறுத்துப் பயனில்லை என்றார். வலி தெரியாமலிருக்க மாத்திரை கொடுத்தார். தீபாவளிக்கு முன்பே அது போய்விட்டது.

பெட்டை நாயின் முலைக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி கெடுதலானவை என்பது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட செய்தி. மறுபாதி நல்லவை. அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பது போன்ற நிலைமை. இந்த ஆட்டத்தில் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார யாருக்கு மனம் வரும்? இளமையிலேயே கருத்தடை செய்தால் இந்நோய் மிகக் குறையும் என்று 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. அந்தச் சான்றுகளையும் பின்வந்தவற்றையும் 2012இல் மறுபடி அலசியவர்கள், நாம் நினைத்த அளவுக்கு அவை உறுதியானவை அல்ல என்றார்கள். ஆதலால் கருத்தடை செய்த நாயாயிற்றே என்றும் அலட்சியமாக இருப்பதற்கில்லை.

இனி ஊசிக்கு வருவோம். இந்தச் சோதனையின் பெயரைக் கேட்டவுடன் பலர் அறுவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி போடுகிற அதே ஊசிதான். மயக்க மருந்து தேவைப்படுவது அரிது. கட்டியை இரு விரலால் பிடித்து, ஊசியைச் செலுத்தி, இரண்டு மூன்று திசையில் அசைத்து எடுத்து, ஊசிக்குள் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் ஊதிப் பரப்புகிறார்கள். கொழுப்புக் கட்டியானால் தகட்டில் எண்ணெய்த் துளி போல மின்னும். மற்றவற்றுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாஸ்ட் செல் ஊதாநிறப் பொடி தூவியது போலக் காட்சி தரும் என்று மருத்துவர் ஒருவர் எனக்குப் படத்தைக் காட்டி விளக்கினார். எல்லாக் கட்டியும் இந்த ஊசிக்குப் பிடிகொடுப்பதில்லை. சிலவற்றில் இரத்தம் மட்டும் வரும். அப்போது ஒரு துண்டை அறுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அறுத்தெடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் பார்மலினில் இட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்வதும் நல்லது. அது என்ன கட்டி, முழுவதும் வந்துவிட்டதா, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் அந்தச் சோதனைதான் சொல்லும்.

தெரிந்துகொண்ட பிறகு ஒன்றும் செய்யாமலிருப்பது வேறு. தெரியாமலே ஒன்றும் செய்யாமலிருப்பது வேறு. பதின்மூன்று வயது நாயின் விலாவில் கொழுப்புக் கட்டி இருக்கிறது, நடைக்கு இடைஞ்சல் இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிடுமாறு மருத்துவரே சொல்லுவார். நானும் அதை ஆதரிப்பவன். கத்தியை எடுத்தால்தான் அன்பு என்று நான் வாதிடவில்லை.

நம் விடுதி நாய் செவலையின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அரைகுறையாகத் தெரியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது படுத்தெழுந்த இடத்திலெல்லாம் இரத்தத் துளிகள் காணப்பட்டன. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டோம். பருவ இரத்தம் இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடும், இது நிற்கவில்லை. பிறகுதான் மறைவிடத்தில் பூக்கோசு போல ஒரு கட்டி பிதுங்கியிருப்பதைச் சமையற்கட்டு அண்ணன் பார்த்தார். அன்றிலிருந்து விடுதியில் இரண்டு கட்சிகள். இது நமக்கும் ஒட்டிக்கொள்ளும், நகராட்சிக்குச் சொல்லி அப்புறப்படுத்த வேண்டும் என்றது ஒரு கட்சி. பாவம், கடைசிக் காலம், விட்டுவிடுங்கள் என்றது மற்றொன்று. சோறு போடும் இடத்தில் கல்லெறிகூட நடந்தது. மருத்துவரைக் கேட்போம் என்று சொன்னவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். எங்களுக்கு "நாய் டாக்டர்கள்" என்ற பட்டம் கிடைத்தது.

அரசு கால்நடை மருத்துவமனையில் காத்திருந்த மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே செவலையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். டாக்டரம்மா பார்த்தவுடனே ஊகித்துவிட்டார். இருந்தும் ஒரு தகட்டில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் உறுதிசெய்த பிறகே பேசினார். "தம்பி, இது நாய்க்கு நாய் இணைசேரும்போது ஒட்டுகிற கட்டி. மனுசனுக்கு வராது. குணமாகும்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது எங்களால் நம்பவே முடியவில்லை.

அந்தக் கட்டியைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது வரலாற்று மாணவனான எனக்கே வியப்பாக இருந்தது. பொதுவாகப் புற்றுநோய் ஓர் உடலில் பிறந்து அவ்வுடலோடு மடிவது. இதுவோ பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றி, அந்த நாய் மண்ணோடு மண்ணான பிறகும், அதன் அணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தாவித் தாவி இன்றுவரை வாழ்ந்துகொண்டிருக்கிறது. செவலையின் கட்டியிலிருந்த அணுக்கள் செவலையுடையவை அல்ல. அந்தப் பழைய நாயின் வழிவந்தவை. 1876ஆம் ஆண்டு ரஷ்யாவில் நோவின்ஸ்கி என்னும் கால்நடை மருத்துவர் இக்கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றிக் காட்டினார். இதற்குத் தரப்படும் மருந்து வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. 1963 முதல் மனிதர்களின் இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்பட்டுவரும் மருந்து அது.

தாவரவியல் நண்பர்கள் உடனே இலையைப் பறித்துக் கசாயம் வைக்கக் கிளம்பிவிட வேண்டாம். அந்த இலை நஞ்சு. பல நூறு கிலோ இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுக்கப்படும் மருந்து, எடைக்கேற்ற அளவில், நேராக நரம்பில் மட்டுமே ஏற்றப்பட வேண்டியது. நரம்பைவிட்டு வெளியே சிந்தினால் அந்த இடத்துச் சதையே வெந்து கழன்றுவிடும். ஏற்றுகிறவர் கையுறை போட்டுக்கொண்டுதான் ஏற்றுகிறார்.

செவலைக்கு வாரம் ஒன்றாக ஐந்து ஊசி. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்த்த பிறகே போட்டார்கள். இரண்டாம் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் வாரத்தில் கட்டி பாதியானது. ஐந்தாம் வாரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. மருந்துச் செலவுக்கு விடுதியில் தலைக்கு இருபது ரூபாய் வீதம் வசூல் செய்தோம். அப்புறப்படுத்தச் சொன்ன கட்சியின் தலைவர் ஐம்பது கொடுத்தார் என்பதையும் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இதை நான் சிரித்துத் தள்ளவில்லை. நம் கல்லூரியில் படிக்கிறவர்கள் யார், எந்த வீடுகளிலிருந்து வருகிறோம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் செலவைக் கூட்டுவது எது? தொடக்கத்தில் ஓர் ஊசிக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் ஆகிற செலவா, வெடித்துப் புழு வைத்த பிறகு ஆகிற செலவா? வறுமையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுகிறவர்தான் கடைசியில் அதிகம் கொடுக்கிறார், அல்லது கொடுக்க முடியாமல் நாயை இழக்கிறார். உயிர்களிடத்துப் பரிவு காட்டுவதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாக 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. 51அ பிரிவில் இருக்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நூறு பேராவது இருப்போம்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. சுண்ணாம்பு குழைத்துப் பூசுவது, கம்பியைக் காய்ச்சிச் சூடு வைப்பது, மருவில் குதிரை முடியைக் கட்டி இறுக்குவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆகிய நான்கும் நாயைச் சித்திரவதை செய்பவை. கட்டி என்ன என்பதையும் மருத்துவரிடமிருந்து மறைத்துவிடுபவை. நமக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பாதி ஒடித்துக் கொடுப்பதும் வேண்டாம். இபுபுரூபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எப்போது போக வேண்டும் என்ற கேள்விக்கு மருத்துவர்கள் கையாளும் எளிய அளவு ஒன்று உண்டு: கட்டி ஒரு பட்டாணி அளவு ஆகிவிட்டாலோ, சிறியதே ஆயினும் ஒரு மாதம் ஆகியும் போகாமலிருந்தாலோ ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டும். இது சும்மா இருக்கிற கட்டிக்கு. வாரத்துக்கு வாரம் வளர்வது, நிறம் மாறுவது, இரத்தமோ நீரோ கசிவது, நாய் ஓயாமல் நக்குவது, அடியோடு ஒட்டிக்கொண்டு நகராமலிருப்பது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மாதக் கணக்கு வேண்டாம். அந்த வாரமே போக வேண்டும். முலையில், வாய்க்குள், விரலிடுக்கில் வந்தாலும் அப்படியே. தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் இருபுறமும் ஒரே மாதிரி உருண்டைகள் தட்டுப்பட்டால் அது நெறி கட்டியிருப்பது. உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம், இரண்டுமே பொறுக்காது. கட்டியோடு காய்ச்சலும் இருந்தால், இரை எடுக்காவிட்டால், வாந்தியெடுத்தால், புழு நெளிந்தால் அன்றைக்கே போக வேண்டும். காது இரத்தக்கட்டுக்கு ஊரில் செய்வது போல் பிளேடால் கீறிவிடுவதை யாரும் செய்ய வேண்டாம்.

மாதத்தில் ஒரு நாள் நாயைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பாருங்கள். குட்டைமுடி நாட்டுநாய்க்கு ஐந்து நிமிடம் போதும். வெள்ளை முடியும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாயானால் முடி குறைந்த அடிவயிற்றையும் பாருங்கள்; வெயில் பட்டுப்பட்டு அங்கே சிலவகைக் கட்டிகள் வருவதுண்டு. கட்டி தட்டுப்பட்டால் அதனருகில் ஒரு நாணயத்தை வைத்துக் கைபேசியில் படமெடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமாதம் அதே நாணயத்தை வைத்து மீண்டும் படமெடுத்தால், வளர்ந்ததா இல்லையா என்ற சண்டைக்கு இடமிருக்காது.

தெருநாயைத் தூக்குகிறவர்கள் முன்யோசனையோடு தூக்க வேண்டும். பழகிய நாயும் வலியில் கடிக்கும். துணிநாடாவால் வாயைக் கட்டிவிட்டுத் தூக்குவது இருவருக்கும் நல்லது. மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாந்தியெடுக்கிற நாய்க்கும் மட்டும் கட்டக்கூடாது. தாடை தொங்கி எச்சில் ஒழுகுகிற நாயின் தொண்டையில் கட்டியிருக்கிறதா என்று எவரும் கையை விட்டுப் பார்க்க வேண்டாம். அது வெறிநோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சுண்ணாம்பு வைக்கக் கூடாது.

நம் மாவட்டத்து மருத்துவமனையில் முடியாத அறுவை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் ஒன்று நடைபெறுகிறது. அங்கெல்லாம் நாய்களுக்கென்றே புறநோயாளிப் பிரிவு உண்டு.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் ஒரு யோசனை சொன்னேன். மரம் நடுகிறோம், சாக்கடை தூர் வாருகிறோம். அதோடு வளாகத்து நாய்களுக்கு ஒரு பதிவேடு வைத்தால் என்ன? வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, கருத்தடை ஆனதா, உடம்பில் கட்டி உண்டா என்று மூன்று பத்தி போதும். திட்ட அலுவலர் ஒப்புக்கொண்டார். பழைய வருகைப் பதிவேடு ஒன்று கொடுத்திருக்கிறார். விடுதி அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஏழு நாய்களின் பெயர் ஏறியிருக்கிறது. நூலகத்து வாசலில் படுக்கும் கறுப்பு நாய்க்கு இடது தோளில் பட்டாணி அளவு கட்டி, வலியில்லை, நகர்கிறது என்று எழுதியிருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். ஆட்டோவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.